தாயகத்துக்கும் எமக்கும் இடையே: செய்திச் செயலிகளைத் தெரிவுசெய்வதும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும்

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் கைபேசிச் செயலியைத் திறக்காமல் ஒரு நாள் கழிவதில்லை. ஊரிலுள்ள அம்மாவோடு கதைப்பதும், விசா விண்ணப்பத்துக்குக் கடவுச்சீட்டுப் பிரதி அனுப்புவதும், கலியாணப் பேச்சுக்குச் சாதகக் குறிப்பு மாற்றுவதும் அதன் வழியேதான். ஊர்ச் சங்கத்தின் கணக்கறிக்கையும், கோவில் திருவிழாப் படங்களும், தமிழ்ப் பாடசாலையின் நேரமாற்றமும் அதில்தான் வருகின்றன. ஒரு காலத்தில் ஊருக்குப் போகிறவரிடம் கடிதம் கொடுத்துவிடும்போது, அவரை நம்பலாமா என்று ஒரு தடவை யோசித்தோம். செயலியை அப்படி யோசித்துத் தெரிவுசெய்தவர்கள் எம்மில் குறைவு. எல்லோரும் அதில் இருந்தார்கள், நாமும் சேர்ந்துகொண்டோம்.

எமது உரையாடல்களில் பெரும்பாலானவை இரண்டு நாடுகளுக்கு இடையில் நடக்கின்றன. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருந்து நாம் அனுப்பும் படமும் குரற்பதிவும் யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒருவரின் கைபேசியில் போய்த் தங்குகின்றன. அதனால் ஏதும் சிக்கல் வந்தால் முதலில் அது அவருக்கே வரும். ஆகவே செயலியைத் தெரிவுசெய்யும்போது எமது வசதியோடு அவரது நிலைமையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த நோக்கில் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

குறியாக்கம் எதைக் காக்கும், எதைக் காக்காது

"முனைக்கு முனை குறியாக்கம்" என்ற சொல்லைப் பல செயலிகள் விளம்பரத்தில் பயன்படுத்துகின்றன. இதன் பொருள் எளிமையானது. செய்தி அனுப்புபவரின் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கைபேசியில் மட்டும் திறக்கப்படும். இடையிலுள்ள இணைய நிறுவனமோ செயலியை நடத்தும் நிறுவனமோ உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. சாதாரண குறுஞ்செய்திக்கு, அதாவது எஸ்எம்எஸ்ஸுக்கு, இந்தப் பூட்டு இல்லை. தொலைபேசி நிறுவனம் அதைப் பார்க்கக்கூடிய நிலையில் இருக்கிறது.

இந்தப் பூட்டுக் காக்காத விடயங்கள் மூன்று. முதலாவது, யார் யாருடன், எப்போது, எத்தனை தடவை தொடர்புகொண்டார் என்ற தகவல். உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், இது ஒருவரின் உறவுகளையும் பழக்கங்களையும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, கைபேசிக்கு வெளியே சேமிக்கப்படும் காப்புப் பிரதி. மூன்றாவது, கைபேசியே. திறந்த கைபேசி இன்னொருவரின் கையில் இருந்தால் எந்தக் குறியாக்கமும் உதவாது. கைபேசிக்குள் உளவு மென்பொருள் புகுந்தாலும் அப்படித்தான். 2019இல் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் மென்பொருள், வட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி ஏறக்குறைய 1,400 கைபேசிகளைக் குறிவைத்தது. அங்கே குறியாக்கம் உடைக்கப்படவில்லை, கைபேசிதான் உடைக்கப்பட்டது. கைபேசிக்கும் செயலிக்கும் வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் ஏற்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

செயலிகள் ஒவ்வொன்றாக

வட்ஸ்அப்: எம்மவர் அதிகம் பயன்படுத்துவது இதுவே. 2014இல் முகநூல் நிறுவனம், இன்றைய மெற்றா, இதை வாங்கியது. 2016 ஏப்ரல் முதல் எல்லாத் தனிப்பட்ட செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் முனைக்கு முனை குறியாக்கம் உண்டு. இதற்குப் பயன்படுவது சிக்னல் செயலிக்காக உருவாக்கப்பட்ட அதே குறியாக்க முறை. உள்ளடக்கம் பாதுகாப்பானது, ஆனால் தொடர்புத் தகவல்கள் விளம்பரத்தால் வாழும் ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. வட்ஸ்அப்புக்குள் வரும் மெற்றா ஏஐயிடம் நாம் கேட்பவற்றுக்கும் தனிப்பட்ட செய்திக்குரிய பாதுகாப்பு இல்லை. யாராவது எம்மைப் பற்றி முறைப்பாடு செய்தால், கடைசியாக நாம் அவருக்கு அனுப்பிய சில செய்திகள் நிறுவனத்துக்குப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சிக்னல்: இலாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நடத்தும் செயலி. வட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் அக்ரன், 2018இல் 5 கோடி டொலர் கொடுத்து இந்த அறக்கட்டளை தொடங்க உதவினார். விளம்பரம் இல்லை. 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒரு பயனாளரின் விபரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நேரமும் மட்டுமே கொடுக்கக்கூடியதாக இருந்தது, ஏனெனில் வேறெதையும் அவர்கள் சேமித்து வைப்பதில்லை. பதிவுசெய்யத் தொலைபேசி இலக்கம் தேவை. எனினும் 2024 முதல் பயனர்பெயர் ஒன்றை வைத்து, இலக்கத்தைக் காட்டாமலே பிறரோடு பேசலாம். ஊரில் பலரிடம் இது இல்லை என்பதே இதன் குறை.

ரெலிகிராம்: பாதுகாப்பானது என்ற பெயர் இதற்குப் பரவலாக உண்டு. அந்தப் பெயர் பாதிதான் உண்மை. சாதாரண உரையாடல்களும் குழுமங்களும் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. அவை நிறுவனத்தின் சேர்வர்களில் இருக்கின்றன. "சீக்ரெட் சட்" என்று தனியாகத் தொடங்கும் இருவர் உரையாடலுக்கு மட்டுமே அந்தப் பூட்டு உண்டு, குழுமத்துக்கு அந்த வசதியே இல்லை. நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஓகஸ்டில் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே, சட்டபூர்வமாகக் கேட்கப்பட்டால் விதிமீறுவோரின் தொலைபேசி இலக்கத்தையும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று நிறுவனம் தன் விதிகளை மாற்றியது. செய்தி அலைவரிசைகளைப் பார்க்க ரெலிகிராம் நல்லது. குடும்ப இரகசியம் பேச ஏற்றதல்ல.

வைபர்: ஊருக்கு அழைப்பெடுக்க எம்மவர் பலகாலமாகப் பயன்படுத்தும் செயலி. 2014 முதல் ஜப்பானின் ரகுட்டென் நிறுவனத்துக்குச் சொந்தம். 2016 முதல் தனிப்பட்ட உரையாடல்களுக்கும் குழுமங்களுக்கும் முனைக்கு முனை குறியாக்கம் உண்டு. பெரிய "கொம்யூனிற்றி"களுக்கும் அலைவரிசைகளுக்கும் இல்லை. விளம்பரங்கள் உண்டு.

முகநூல் மெசஞ்சர்: 2023 டிசம்பரில்தான் தனிப்பட்ட உரையாடல்களுக்கு இந்தக் குறியாக்கம் இயல்பாகவே வரத் தொடங்கியது. அதற்கு முன்னர் அனுப்பிய பழைய செய்திகளை அதே பாதுகாப்போடு எண்ணவேண்டாம்.

ஐமெசேஜ்: இரண்டு அப்பிள் கருவிகளுக்கு இடையே மட்டும் உறுதியான பாதுகாப்பு. ஊரில் பெரும்பாலானோரிடம் அண்ட்ரொய்ட் கைபேசிகள் இருப்பதால், குடும்பத்துக்கான பொதுவழியாக இது அமையாது.

திரீமா: சுவிற்சர்லாந்தில் உருவான, காசு கொடுத்து வாங்கும் செயலி. தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சலோ கொடுக்கத் தேவையில்லை. 2022இன் தொடக்கத்தில் சுவிஸ் இராணுவம் தன் வீரர்களை வட்ஸ்அப் போன்றவற்றை விட்டு இதைப் பயன்படுத்தும்படி பணித்தது.

காப்புப் பிரதி: கவனிக்காமல் விடும் வாசல்

வட்ஸ்அப் செய்திகள் பூட்டப்பட்டிருக்கின்றன என்று நம்பும் பலரின் முழு உரையாடலும் கூகிள் ட்ரைவிலோ ஐகிளவுட்டிலோ அந்தப் பூட்டு இல்லாமல் கிடக்கிறது. 2021 ஒக்ரோபரில் காப்புப் பிரதியையும் பூட்டும் வசதியை வட்ஸ்அப் தந்தது. அது தானாக வராது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். செட்டிங்ஸ், சட்ஸ், சட் பக்கப் என்ற பகுதிக்குப் போனால் அந்தத் தெரிவு இருக்கும். அதற்கு வைக்கும் கடவுச்சொல்லை மறந்தால் வட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது. ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதில் தவறில்லை.

ஐபோன் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஐகிளவுட்டில் உள்ள காப்புப் பிரதியையும் முனைக்கு முனை பூட்டும் "அட்வான்ஸ்ட் டேற்றா புரொரெக்ஷன்" என்ற வசதியை அப்பிள் 2022 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. பிரித்தானிய அரசு அணுகல் வழி கேட்டதைத் தொடர்ந்து, 2025 பெப்ரவரியில் பிரித்தானியப் பயனாளர்களுக்கு அந்த வசதியை அப்பிள் விலக்கிக்கொண்டது. நாம் வாழும் நாட்டின் சட்டமும் எமது கைபேசியின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

உரையாடலின் ஒரு பக்கத்தில் பூட்டி மறுபக்கத்தில் திறந்து வைத்தால் பயன் பாதிதான். எமது காப்புப் பிரதியைப் பூட்டும்போது, மறுமுனையில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணக்கைப் பறிகொடுக்காமல் இருக்க

எமது சமூகத்தில் அன்றாடம் நடப்பது உளவு பார்ப்பதைவிடக் கணக்குத் திருட்டுத்தான். முறை எளியது. தெரிந்தவர் ஒருவரின் பெயரிலிருந்து செய்தி வரும்: "உங்களுக்கு ஆறு இலக்கம் ஒன்று தவறுதலாக வந்திருக்கும், அதை எனக்கு அனுப்புங்கோ." அனுப்பினால் கணக்குப் போய்விடும். பிறகு அதே பெயரிலிருந்து உறவினர் எல்லோருக்கும் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி போகும். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவார் என்பது திருடனுக்கும் தெரியும்.

இதற்கு எதிரான பாதுகாப்புகள்:

பதிவு இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. எந்தச் செயலி நிறுவனமும் அதைச் செய்தியில் கேட்பதில்லை.

வட்ஸ்அப்பில் "டூ ஸ்ரெப் வெரிபிகேஷன்" என்பதைப் போட்டு ஆறு இலக்கப் பின் ஒன்றை வைக்கவேண்டும். சிக்னலில் பின்னோடு "ரெஜிஸ்ட்ரேஷன் லொக்" என்பதையும், ரெலிகிராமில் கூடுதல் கடவுச்சொல்லையும் போடவேண்டும். பிறந்த ஆண்டைப் பின்னாக வைக்கவேண்டாம்.

"லிங்க்ட் டிவைசஸ்" என்ற பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். எமக்குத் தெரியாத கணினி ஏதும் அங்கே இணைந்திருந்தால் உடனே நீக்கவேண்டும். யாரோ அனுப்பிய கியூஆர் குறியை ஸ்கான் செய்வதால் எமது செய்திகள் முழுவதும் இன்னொரு கணினியில் தெரியத் தொடங்கலாம்.

பணம் கேட்டு வரும் எந்தச் செய்திக்கும், அதே செயலியில் பதில் எழுதாமல், வழமையான தொலைபேசியில் அழைத்துக் கேட்கவேண்டும். குரலையும் இப்போது போலியாக ஆக்கமுடிகிறது. குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம் என்ன என்பது போன்ற கேள்வி போதும், ஆனால் அதன் விடை முகநூலில் இருக்கக்கூடாது.

வட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கங்கள் கொண்ட ஒரு பாதுகாப்பு எண் உண்டு. இருவரும் நேரில் சந்திக்கும்போதோ காணொளி அழைப்பிலோ அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த எண் மாறியதாக அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் அவர் புதிய கைபேசி வாங்கியிருப்பார். அறிவிப்போடு சேர்ந்து பணக் கோரிக்கையும் வந்தால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

குழுமங்கள்

ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோவில் நிர்வாகம் என்று ஒவ்வொருவரும் பல குழுமங்களில் இருக்கிறோம். இருநூறு பேர் உள்ள குழுமத்தில் குறியாக்கம் இருந்தாலும் அதை இரகசியம் என்று சொல்லமுடியாது. இருநூறு கைபேசிகளில் ஒன்றிலிருந்து ஒரு திரைப்பிடி வெளியே போனால் போதும். வட்ஸ்அப் குழுமத்தில் எமது தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும்.

குழும நிர்வாகிகள் சிலவற்றைச் செய்யலாம். இணைப்பு முகவரியைப் பொதுவெளியில் போடாமல் இருக்கலாம். புதியவரைச் சேர்ப்பதற்கு நிர்வாகியின் அனுமதி தேவை என்று அமைக்கலாம். ஆண்டுக்கொரு தடவை உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, யாரென்று தெரியாத இலக்கங்களை நீக்கலாம். நாம் ஒவ்வொருவரும் செட்டிங்ஸில் பிரைவசி, குறூப்ஸ் என்ற பகுதிக்குப் போய், எமது தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்கள் எம்மைக் குழுமத்தில் சேர்க்க முடியாதபடி மாற்றிக்கொள்ளலாம்.

குழுமத்தில் போடக்கூடாதவையும் உண்டு: கடவுச்சீட்டு, அடையாள அட்டை, வங்கி விபரம், பிள்ளைகளின் பாடசாலைப் பெயரோடு கூடிய படம். சாதகக் குறிப்பும் இந்த வகைதான். முழுப்பெயர், பிறந்த திகதி, நேரம், இடம், பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஒருவரின் பெயரில் மோசடி செய்ய விரும்புபவருக்கு அது பெரிய உதவி. தரகர் குழுமங்களில் அதைப் போடாமல், உரியவருக்குத் தனியாக அனுப்புவதே நல்லது.

ஊரிலுள்ளவரின் கைபேசி

இலங்கையில் 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், முகநூல் பதிவுகளுக்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாம் இங்கே தடையின்றிப் பகிரும் நினைவேந்தல் படமோ பாடலோ அரசியல் கருத்தோ அங்கே ஒருவரின் கைபேசியில் இருக்கும்போது வேறு பொருள் பெறலாம். வட்ஸ்அப்பில் வரும் படங்கள் பல கைபேசிகளில் தானாகவே படத்தொகுப்பில் சேமிக்கப்படுகின்றன. அவர் திறந்து பாராத படமும் அங்கே இருக்கும்.

ஆகவே அனுப்புவதற்கு முன், "இதை வைத்திருப்பது அவருக்குச் சரியா?" என்று கேட்கவேண்டும். அவரிடமே கேட்பது இன்னும் நல்லது. இருவரும் பேசி, மறையும் செய்திகள் என்ற வசதியைப் போட்டுக்கொள்ளலாம். வட்ஸ்அப்பில் 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்ற தெரிவுகள் உண்டு. சிக்னலில் விரும்பிய காலத்தை நான்கு வாரம் வரை வைக்கலாம். மறையும் செய்தியையும் ஒருவர் படம்பிடித்து வைக்க முடியும் என்பதை மறக்கக்கூடாது. படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதை நிறுத்தவும் ஊரிலுள்ளவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

எல்லைகளைக் கடக்கும்போதும் இதே கேள்வி எழும். பிரித்தானிய விமான நிலையங்களில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையின் கீழ் நிறுத்தப்படுபவரின் கைபேசி சோதிக்கப்படலாம். கடவுச்சொல்லைக் கொடுக்க மறுப்பது குற்றமாகும். பயணத்துக்குத் தேவையில்லாத உரையாடல்களைச் சுமந்து செல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அவற்றில் எமது உறவினரின் வார்த்தைகளும் இருக்கின்றன.

ஊருக்குப் போகும்போது பழைய கைபேசியைத் தம்பிக்கோ மருமகளுக்கோ கொண்டுபோய்க் கொடுப்பது எமது வழக்கம். கொடுக்குமுன் செயலிகளை அழித்தால் மட்டும் போதாது. அப்பிள் அல்லது கூகிள் கணக்கிலிருந்து வெளியேறி, கைபேசியை முழுமையாக "ரீசெற்" செய்யவேண்டும்.

விடுமுறையில் போய் அங்கே ஒரு சிம் வாங்கி, அந்த இலக்கத்தில் வட்ஸ்அப் தொடங்கிவிட்டுத் திரும்பி வருவோரும் உண்டு. காசு போடாமல் விட்ட முற்கொடுப்பனவு இலக்கம் காலப்போக்கில் இன்னொருவருக்கு வழங்கப்படலாம். அவர் அதே இலக்கத்தில் வட்ஸ்அப் தொடங்கினால், எமக்கு வரவேண்டிய செய்திகள் அவருக்குப் போகும். திரும்பி வந்ததும் "சேஞ்ச் நம்பர்" வசதியால் நிரந்தர இலக்கத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

செயலிகள் முடங்கும் நாட்களையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2018இல் வட்ஸ்அப்பும் வைபரும் அந்தப் பட்டியலில் இருந்தன. உறவினரின் நலம் அறியத் துடிக்கும் நாட்களில்தான் வழி அடைபடுகிறது. குடும்பத்தில் இரண்டாவது செயலி ஒன்றையும், அதுவும் போனால் எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு வழமையான அழைப்பெடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும். இலக்கங்களைத் தாளிலும் எழுதி வைக்கலாம்.

எதைத் தெரிவுசெய்வது

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே செயலி என்று ஒன்று இல்லை. எமது பரிந்துரை இதுதான். நாளாந்தக் கதைக்கும் நலம் விசாரிப்புக்கும் குடும்பம் ஏற்கெனவே இருக்கும் வட்ஸ்அப்போ வைபரோ போதும். பின், பூட்டிய காப்புப் பிரதி, மறையும் செய்திகள் ஆகியவற்றைப் போட்டுக்கொண்டால் அது கணிசமான பாதுகாப்பு. கடவுச்சீட்டு, மருத்துவ அறிக்கை, அகதி விண்ணப்பம், காணி உறுதி, அரசியல் கருத்து போன்றவற்றுக்குச் சிக்னல் ஏற்றது. பொதுச் செய்திகளைப் படிக்க ரெலிகிராமையும் முகநூலையும் பயன்படுத்தலாம், இரகசியத்துக்கு அவற்றை நம்பவேண்டாம்.

வயதான பெற்றோரிடம் புதிய செயலி ஒன்றைத் திணிப்பதைவிட, அவர்கள் பழகிய செயலியையே சரியாக அமைத்துக் கொடுப்பது பலனளிக்கும். அடுத்த தடவை காணொளியில் கதைக்கும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, பின் வைப்பதையும் இணைந்த கருவிகளைப் பார்ப்பதையும் கூடவே இருந்து செய்விக்கலாம். ஊரில் இருக்கும் பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டு இளையவரோ உதவுவதாக இருந்தால், பின் இலக்கம் அவர்களின் கைக்குப் போகாமல் அம்மாவே அழுத்தட்டும். பதிவு இலக்கத்தை யாருக்கும், எமக்குக்கூடச் சொல்லவேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவைப்போம்.